முதலாளி நெற்றியில் எட்டு

பிரின்டரிலிருந்து வெளியே வந்த முதலாளி கரிக்கட்டையாக இருந்தார்.

பேச்சுக்குச் சொல்வதல்ல. முகம் முழுக்க நட்சத்திரக் குறிகள். அவற்றின் மேலேயே மறுபடி அடித்த எழுத்துகள். எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பு. மீசை மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டைகள். வந்த காகிதத்தை அப்படியே இயந்திரத்துக்குள் திருப்பித் தள்ளிவிட வழி உண்டா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள் தாட்சாயிணி.

"இன்னாம்மா இது? மொதலாளி படம்னு சொன்ன. இன்னாடான்னா பாதி வெந்து எய்ந்து வந்த மாதிரி கீறாரு?" என்றான் தேவராஜ். அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆவடியிலிருந்து சைக்கிளில் வருகிறவன். இயந்திரத்தை இயக்குவது ஒரு வேலை, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பீதி கிளப்புவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது என்றாலும் அதைத்தான் அவன் மனமுவந்து செய்தான்.

"சும்மா இருங்கண்ணே. ஏதோ தப்பு நடந்திருக்கு."

"தப்புதான். மொதலாளி பாத்தார்னா நீ வெந்துடுவே."

இது நடந்தது 1974இல், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 'மணவாளன் பம்ப்ஸ்' என்ற தொழிற்சாலையில். தண்ணீர் மோட்டார் செய்கிற இடத்தில் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கக்கூடாது. முதலாளி மணவாளன் வெளிநாடு போய்வந்த கையோடு அதை வாங்கிப் போட்டுவிட்டார். ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்த இயந்திரம், நாலு வருஷமாகச் சம்பளப் பட்டியல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை முதலாளிக்கு மணிவிழா. தொழிற்சாலைத் திடலில் பந்தல். மேடையில் வைக்க, கம்ப்யூட்டரே வரைந்த முதலாளி படம் ஒன்று வேண்டும் என்று மேனேஜர் திருவேங்கடத்துக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு ஒன்று தோன்றினால் அதைச் செய்ய வேண்டியது வேறு யாராவது ஒருவர்தான்.

"நீதானேம்மா புரோகிராம் படிக்கிறே? செஞ்சு காட்டு" என்றார் தாட்சாயிணியிடம். "சனிக்கிழமையோட உன் ஆறு மாசப் பயிற்சி முடியுது. படம் நல்லா வந்தா முதலாளி கையாலேயே புரோகிராமர் ஆர்டர். வரலேன்னா மறுபடி கார்டு குத்துற மெஷின்தான். அங்கேயும் இடம் இருந்தா பார்க்கலாம்."

தாட்சாயிணி பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவள். மூன்று வருஷம் நாளெல்லாம், கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைக் கார்டில் எண்களை ஓட்டையாகக் குத்திக் குத்தி விரல் நுனி மரத்துப்போனவள். மாலை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதே அந்த மெஷினை விட்டு எழுந்து வருவதற்காகத்தான். மறுபடி அதன் முன்னால் உட்காருவதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

படத்தை எண்ணாக மாற்றுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அவளாகத்தான் யோசித்தாள். முதலாளி பங்களாவுக்குப் போன பியூன் வேம்புலி ஒரு பழுப்பு உறையில் கொண்டுவந்து கொடுத்த பழைய பெரிய போட்டோவைப் பலகையில் பொருத்தினாள். குறுக்கே அறுபது, நெடுக்கே ஐம்பது என்று மூவாயிரம் கட்டங்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை மேலே வைத்து, போட்டோ பிடிப்பவர்கள் வெளிச்சம் அளக்கிற மீட்டரை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் காட்டினாள். முள் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஓர் எண். மூவாயிரத்தையும் நோட்டில் எழுதி, வரிக்கு ஒரு கார்டாக ஐம்பது கார்டு குத்தி முடிக்கப் பத்து நாளாயிற்று. எண் பெரிதாக இருந்தால் கறுப்பான எழுத்து, சிறிதாக இருந்தால் புள்ளி, பூஜ்யம் என்றால் வெறும் இடம். இவ்வளவுதான் புரோகிராம்.

முதலாளி ஏன் கருகினார் என்பது அவளுக்குப் பத்து நிமிஷத்தில் விளங்கியது. வெளிச்சம் அதிகமானால் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். இவளோ பெரிய எண்ணுக்குக் கறுப்பை வைத்திருந்தாள். வெள்ளை கறுப்பாகி, கறுப்பு வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணையும் ஒன்பதிலிருந்து கழித்தால் போதும். ஒரே ஒரு வரியை மாற்றினாள்.

ஆனால் இயந்திரம் அவளுக்குக் கிடைப்பது மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை, சாப்பாட்டு நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் சம்பளப் பட்டியல். ஆகவே செவ்வாய்க்கிழமை ஒரு மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை முதலாளி வெளுத்து, மீசை கறுத்து, பார்க்க லட்சணமாக வந்தார். தாட்சாயிணிக்குச் சந்தோஷம் தாளவில்லை. முதலாளியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அவர் பட்டணத்து ஆபீசில் இருப்பவர். இருந்தாலும் பத்து நாள் அவர் முகத்தைக் கட்டம் கட்டமாகத் தடவியதில் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினாள். மேனேஜர் அந்த ஏ.சி. அறைக்குள் வர மாட்டார்; வந்தால் தும்மலில் மூச்சு நின்றுவிடும் என்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டார்.

"அடடா! அச்சு அசல் முதலாளி!" என்றார். "அந்த மீசை, அந்தப் பார்வை…"

பிறகு அவர் முகம் மாறியது.

"இது என்னம்மா?"

நெற்றி நடுவில், இரண்டு புருவங்களுக்கும் கொஞ்சம் மேலே, கருகருவென்று ஒரே ஒரு புள்ளி.

"பொட்டு மாதிரி இருக்கு சார்" என்றாள் தாட்சாயிணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"பொட்டு மாதிரி என்ன, பொட்டேதான்! முதலாளி நெத்தியில ஒருநாளும் ஒண்ணும் வெச்சதில்ல. போட்டோவுக்கு எப்பம்மா பொட்டு வெப்பாங்க? நல்லா இருக்கும்போதா வெப்பாங்க?" மேனேஜரின் குரல் கீச்சென்று போயிற்று. "மணிவிழா மேடையில, ஆயிரம் பேர் முன்னால, உசுரோட இருக்கிற மனுஷனைப் பொட்டு வெச்ச படமா வைக்கிறதா? அவர் சம்சாரம் பார்த்தா மயங்கி விழுந்துடுவாங்க. மொதல்ல இதை எடு!"

தாட்சாயிணி ஓடினாள். கார்டில் தப்பாகக் குத்திவிட்டேனா என்று பார்த்தாள். இல்லை, நோட்டில் உள்ளதுதான் கார்டிலும் இருந்தது. நோட்டில் தப்பாக எழுதினேனா என்று மீட்டரை மறுபடி அந்தக் கட்டத்தின் மேல் காட்டினாள். அக்கம்பக்கத்துக் கட்டங்களில் ஒழுங்காக ஏறிய முள், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தொப்பென்று விழுந்தது. மூன்று தடவை காட்டினாள். மூன்று தடவையும் விழுந்தது. ஒன்பதிலிருந்து கழித்தால் எட்டு. அட்டையை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். பழுப்பேறிய போட்டோ, அங்கங்கே இருப்பதுபோல் அங்கேயும் லேசாக ஒரு கறை. பொட்டு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

தேவராஜ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"நம்ம கண்ணுக்குத் தெரியல, மிசினுக்குத் தெரியுதா?"

"ஆமாண்ணே."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்ப ஒண்ணே ஒண்ணுதாம்மா. மிசினுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுகீது."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

தேவராஜ் வானத்தைக் காட்ட நினைத்து, மேலே ஏ.சி. குழாய் இருந்ததால் அதைக் காட்டினான். தாட்சாயிணி படித்தவள்தான். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ரயிலில் ஒரு ரூபாயை மாங்காட்டு அம்மனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புதன்கிழமைக்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு கட்டம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதா? அதையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் கூட்டி ஒன்பதால் வகுத்து, வருகிற சராசரியை அங்கே போட்டால் அடங்கிவிடும். முகம் முழுவதற்கும் அப்படியே செய்யச் சொல்லி எழுதினாள்.

அடங்கியது. ஆனால் கறுப்பு எங்கேயும் போய்விடவில்லை. பக்கத்துக் கட்டங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு கட்டத்தில் இருந்த பொட்டு ஒன்பது கட்டத்துக்குப் பரவி, விரலால் ஈஷிய குங்குமம்போல் ஆகிவிட்டது. அதைவிட மோசம் கண்கள். கூரான இரண்டு கறுப்பு விழிகளும் அக்கம்பக்கத்து வெள்ளையோடு கலந்து, கலங்கிய சாம்பல் குட்டைகளாகிவிட்டன.

"கண்ணு அவிஞ்சுபோச்சே" என்றான் தேவராஜ்.

மூன்று மணிக்கு மேனேஜருக்குப் பட்டணத்து ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வெளியே வந்தவர், "முதலாளி இன்னிக்கு வரமாட்டாராம். மெட்ராஸ் ஐ. ரெண்டு கண்ணும் ரத்தமா செவந்து திறக்கவே முடியலையாம்" என்றார்.

தாட்சாயிணி கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தேவராஜ் அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது, பட்டாபிராமில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, இவருக்கும் வந்தது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நூறு தடவை சொல்லியும் காகிதத்தை முன்னால் கொண்டுவரத் துணிவில்லை.

வியாழக்கிழமை அவள் சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். இந்தச் சாம்பல் நிறமே வேண்டாம். ஐந்துக்குக் கீழே உள்ளதெல்லாம் சுத்த வெள்ளை. ஐந்தும் அதற்கு மேலும் சுத்தக் கறுப்பு. படம் பளிச்சென்று, கண் தெளிவாக வரும். முதலாளி கண் குணமாகும் என்று அவள் நினைத்தாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் நினைத்தாள்.

கண் தெளிந்தது. முடியும் மீசையும் கம்பீரமாக வந்தன. மீசைக்குக் கீழே உதடு இருந்த இடம் காலி. உதட்டின் எண் நாலு; ஐந்துக்கு ஒன்று குறைந்துபோனதால் வாயே அழிந்துவிட்டது. பொட்டோ எட்டு. அது இன்னும் கறுப்பாக, இன்னும் வட்டமாக, யாரோ பார்த்துப் பார்த்து வைத்ததுபோல் நெற்றியில் ஜொலித்தது.

"வாய மூடிட்டியேம்மா!" என்று தேவராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். "இப்ப போன் வரும் பாரு."

"வராது. சும்மா இருங்க."

வந்தது. கண் கொஞ்சம் தேவலையாம். ஆனால் தொண்டை கட்டி முதலாளிக்குக் குரலே எழும்பவில்லையாம். மணிவிழாவில் பேசுவதற்கு எழுதி வைத்திருந்த உரையை வேறு யாராவது படிக்க வேண்டியிருக்குமாம்.

தாட்சாயிணி நேரே பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். ஒரு மனுஷர், அவர் உண்டு அவர் பம்பு உண்டு என்றிருந்தவர். கண்ணைக் கலங்கடித்தாள், கண் போயிற்று. வாயை அழித்தாள், குரல் போயிற்று. இப்போது அந்த முகத்தில் பாக்கி இருப்பது அந்தப் பொட்டு ஒன்றுதான். அது பலித்தால்? யாரும் தன்னைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் தான் கொன்றுவிட்டோம் என்பது தனக்குத் தெரியுமே.

"ஆர்டரும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவர் பொழைச்சாப் போதும்" என்று வாய்விட்டே சொன்னாள்.

அவள் இருந்த இருப்பில் வெள்ளிக்கிழமை புரோகிராமை விட்டுவிட்டாள். அறிவாளித்தனம் எல்லாம் போதும், நேராகக் கார்டிலேயே கைவைத்துவிடலாம் என்று தீர்மானித்தாள். எட்டு வருகிற அந்தக் கார்டை மட்டும் எடுத்துவிட்டு, நெற்றியின் மற்ற இடங்களில் உள்ளதுபோல் எண்ணை மாற்றிக் குத்திய புதுக் கார்டைச் செருகினால் தீர்ந்தது. இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

புதுக் கார்டைக் குத்தினாள். கார்டுக் கட்டிலிருந்து பழையதை உருவினாள். கை வியர்த்திருந்தது. ஐம்பது கார்டும் வழுக்கித் தரையெங்கும் சிதறின.

வரிசை எண் குத்தாத கார்டுகள். வரிசை எண் குத்த வேண்டும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். ஐம்பதே ஐம்பது கார்டுதானே என்று விட்டுவிட்டாள். ஒரு மணி அடித்துவிட்டது. அள்ளி, பார்வைக்குத் தெரிந்த அளவில் அடுக்கி, இயந்திரத்தில் போட்டாள்.

வந்த படத்தில் முதலாளியின் மோவாய் தலைக்கு மேலே இருந்தது. மீசை நெற்றியில் இருந்தது. ஒரு கண் காதுக்குப் பக்கத்திலும், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் முடியும் இருந்தன. பழைய கார்டையும் சேர்த்து அள்ளியிருக்கிறாள் போலும், பொட்டு இருந்தது.

தேவராஜ் அந்தப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு மேனேஜர் தும்மலையும் பொருட்படுத்தாமல் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கேட்டீங்களா? முதலாளி படியிலிருந்து விழுந்துட்டாராம்! தலைகீழா உருண்டு… அச்… நெத்தியில அடி. தையல் போட்டிருக்காங்களாம். என்ன கெட்ட நேரமோ… அச்! நாளைக்கு வந்துடுவேன்னு பிடிவாதமா இருக்காராம். படம் ரெடியா?"

"நெத்தியிலயா சார்?" என்றாள் தாட்சாயிணி.

"நடு நெத்தியில."

அன்று பொழுது சாய்வதற்குள், நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டு ஐம்பது கார்டையும் பழைய வரிசையில் அடுக்கினாள். இம்முறை வரிசை எண்ணும் குத்தினாள். புதுக் கார்டைக் கிழித்துப் போட்டாள். எட்டு இருந்த பழைய கார்டையே அதன் இடத்தில் பத்திரமாக வைத்தாள். இனிமேல் கார்டில் கைவைப்பதில்லை. கார்டு என்றால் அவர் முகம். முகத்தில் கைவைத்ததும் மனுஷர் உருண்டுவிட்டார். எதுவானாலும் புரோகிராம்தான் செய்ய வேண்டும். அதுவும் கண்ணைத் தொடாமல், வாயைத் தொடாமல், அந்தப் பொட்டை மட்டும் எடுக்க வேண்டும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பட்டாபிராம் ஸ்டேஷனில் அவள் தூங்காத கண்களோடு நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள், அவளோடு ஒன்பது. அதில் ஒருத்தி கீரைக் கூடைக்காரி. தலையில் கூடைமேல் கூடையாக மூன்று. பார்த்தால் எல்லாரையும்விட ஓர் ஆள் உயரம் தெரிந்தாள்.

"கூடைய எறக்குமே, கண்ண மறைக்கிறே. ரயிலு வருதா இல்லியான்னே தெரில" என்றாள் பின்னால் நின்றவள்.

"மறச்சா இன்னா? கூடையோட ஏறத்தான் போறேன். நீ வேணா முன்னால வா!"

தாட்சாயிணி அந்தக் கூடையையே பார்த்தாள். இந்த ஒன்பது பேர் உயரத்தையும் கூட்டி வகுத்தால் கூடைக்காரி எல்லார் உயரத்தையும் ஏற்றிவிடுவாள். சராசரி செய்த கூத்து அதுதான். ஆனால் ஒன்பது பேரையும் உயரப்படி வரிசையாக நிற்கவைத்து, நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆளை மட்டும் அளந்தால்? கூடைக்காரி கடைசியில் போய் நிற்பாள். அவள் தலையில் மூன்று கூடை இருந்தாலும் முப்பது கூடை இருந்தாலும் ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

ரயில் வந்தது. தாட்சாயிணி கூடைக்காரிக்குக் கூடையை ஏற்றிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் எதற்காகத் தன்னைக் கும்பிடுகிறாள் என்று கீரைக்காரிக்குக் கடைசிவரை புரியவில்லை.

அம்பத்தூர் வருவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கத்திலும், கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த காகிதத்திலுமாக எழுதி முடித்துவிட்டாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதையும் சுற்றியுள்ள எட்டையும் எடு, சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்து, ஐந்தாவதை வை. நெற்றியில் இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, மூன்று, மூன்று, எட்டு. ஐந்தாவது மூன்று. எட்டு வரிசையின் வாலில் ஒதுங்கிவிடும். கண்ணும் மீசையும் பல கட்டம் அகலம் உள்ளவை, அவை தப்பிக்கும்.

ஒரு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒன்பது எண்ணை வரிசைப்படுத்த முப்பத்தாறு ஒப்பீடு; அப்படி மூவாயிரம் தடவை. விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன. ஒன்றே கால். ஒன்றரை. பிரின்டர் வாயைத் திறக்கவில்லை.

"நின்னுடுச்சா?" என்றாள்.

"ஓடிகினுதான் கீது. ஆனா ரெண்டு மணிக்கு சம்பளப் பட்டியல் போட்டாவணும். மணிவிழாவுக்குன்னு மொதலாளி எல்லாருக்கும் பணம் தர்றாரு. அத நிறுத்துனா வொர்க்‌ஷாப்காரங்க என்ன மோட்டார்ல கட்டி ஓட்டுவாங்க."

ஒன்றே முக்கால். திடலில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாட்சாயிணி கண்ணை இறுக மூடிக்கொண்டு மாங்காட்டு அம்மனை வேண்டினாள். கார்டுக்கும் அம்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மன் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பிரின்டர் தடதடவென்று இரையத் தொடங்கியது.

முடி. நெற்றி.

சுத்தமான, அகலமான, ஒரு மாசு மருவில்லாத நெற்றி.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. மீசையின் நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது. உதடு இருந்தது. தாட்சாயிணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தேவராஜுக்குத் தெரியவில்லை. அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

"பொயச்சிட்டாரும்மா," என்றான். "மன்சன் பொயச்சிட்டாரு!"

நாலு மணிக்கு முதலாளி மணவாளன் மேடை ஏறினார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மப்ளர், நெற்றியைச் சுற்றி வெள்ளைக் கட்டு. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தாட்சாயிணிக்குத் தன் குற்றப்பட்டியல் கைகால் முளைத்து நடந்து வருவதுபோல் இருந்தது. நல்லவேளையாக முகத்தில் வேறெதுவும் பார்க்க முடியவில்லை. மீசை மட்டும் வெளியே தெரிந்தது. மனுஷர் நடக்கிறார், கும்பிடுகிறார், மாலை வாங்கிக்கொள்கிறார். உயிரோடு இருக்கிறார். அதைவிட அழகான காட்சியை அவள் அதுவரை கண்டதில்லை.

மேனேஜர் திரையை விலக்கினார். கூட்டம் கைதட்டியது. "அச்சு அசல்!" "ஐயா எதிர்ல நிக்கிற மாதிரியே இருக்கு!" "அந்தப் பார்வைய பாரு!" என்று நாலா பக்கமும் குரல்கள்.

முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தி, சிவந்த கண்ணால் படத்தை உற்றுப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மெஷின்…" என்றார், காற்றாக வந்த குரலில், "என்னை ஒரு பத்து வயசு கம்மியா காட்டுது."

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. முதலாளிக்குச் சந்தோஷம் கண்ணாடியையும் மப்ளரையும் மீறி வழிந்தது. ஆர்டரை அங்கேயே வாங்கி, அங்கேயே கையெழுத்துப் போட்டு, "புரோகிராமர்" என்று காற்றுக் குரலில் சொல்லி அவளிடம் நீட்டினார். அவர் விரல் பட்டபோது சூடாக இருந்தது. உயிருள்ள மனுஷர் விரல் என்று தாட்சாயிணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போயிற்று.

சாப்பாட்டுப் பந்திக்கு எல்லாரும் எழுந்தபோது, பந்தல் மறைவில் பியூன் வேம்புலி அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"யம்மா, அந்த போட்டோவ இப்பவே குடுத்துடுங்கம்மா."

"இருங்க வேம்புலி, திங்கட்கிழமை பத்திரமா முதலாளி பங்களாவிலேயே நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

"ஐயோ, அங்கல்லாம் போயிடாதீங்க!" அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். "அன்னிக்கு நான் போனப்போ பங்களா பூட்டிகெடந்துச்சு. வெறுங்கையோட வந்தா மேனேஜர் என்ன உசுரோட உடுவாரா? மீச ஒரே மாதிரிதான கீது, யாருக்குத் தெரியப்போவுதுன்னு, எங்க ஊட்டு செவுத்துல கண்ணாடி இல்லாம மாட்டிகினு இருந்தத கயட்டியாந்துட்டேன். நாளைக்கு அது ஊட்ல இல்லன்னா எம் பொண்டாட்டி சொர்ணம் என்ன கொன்னுடுவா."

தாட்சாயிணி அவனை நிறுத்தினாள். "நாளைக்கு என்ன?"

"மாமனாருக்குத் தெவசம்மா, அவுரு போய்ச் சேந்து பன்னெண்டு வருசமாவுது. வெள்ளிக்கெயம தவறாம சொர்ணம் அவுரு நெத்தியில வெச்ச பொட்டு, நான் மண்ணெண்ண போட்டுத் தொடச்சும் சுத்தமா போவல… நீங்க மிசின்ல இன்னா போட்டும்மா தொடச்சீங்க?"